பாகை வகுத்தவர்கள்



அளவைக் கருவிகளின் வரலாற்றை ஆராயக் கூடியுள்ள இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை தாங்கும் கௌரவத்தை எனக்களித்த அமைப்பாளர்களுக்கு என் வந்தனம். நிகழ்ச்சி நிரலை நோக்கியபோது, தொலைநோக்கியைப் பற்றியும் அதன் வழியே வானத்தைக் கண்ட மேதைகளைப் பற்றியும் கட்டுரைகள் பல இருக்க, அக்கருவிகளின் விளிம்பில் பாகையும் கலையுமாகக் கோடு கீறிக்கொடுத்தவர்களைப் பற்றி ஒன்றேனும் இல்லாதது என் கண்ணில் பட்டது. அக்குறையைச் சிறிது நிரப்ப அனுமதி வேண்டுகிறேன்.

ஆங்கிலேயர் 'கிராஜுவேஷன்' என்று வழங்கும் சொல், சர்வகலாசாலையில் பட்டம் பெறுவதையும் குறிக்கும்; பித்தளை வில்லின்மீது அளவுக்கோடு வகுப்பதையும் குறிக்கும். விநோதம் என்னவென்றால், இரண்டாம் பொருளில் ஈடற்ற நிபுணர்களாய் விளங்கியவர்களில் சிலர் முதற்பொருளின் வாசலைக்கூட மிதித்தவர்களல்லர். ஜான் பேர்ட் டர்ஹாம் சீமையில் தறி நெய்தவர். கடிகார முகப்பொன்றில் கோடுகள் ஒழுங்கின்றி இருக்கக் கண்டு, தாமே செம்மையாகக் கீறத் தொடங்கினார் என்பர். ஜெஸ்ஸி ராம்ஸ்டன் ஹாலிபாக்ஸை அடுத்த ஊரொன்றின் சத்திரக்காரர் மகன். இளமையில் துணித்தொழில் பழகியவர்.

வட்டத்தைப் பகுப்பதில் என்ன சிரமம் என்று கேட்கலாம். ஆரத்தின் அளவில் கவராயத்தை வைத்தால் 60 பாகை கிடைக்கும். எந்த வில்லையும் சரிபாதியாக்குவது சுலபம். ஆனால் 60-ஐப் பாதியாக்கிக்கொண்டே போனால் 15-க்கு அடுத்து ஏழரை வந்துவிடுகிறதேயன்றி, ஒற்றைப் பாகை ஒருபோதும் அகப்படுவதில்லை. 1725-இல் கிரீனிச் வானாராய்ச்சிக் கூடத்துக்கு எட்டடிக் கால்வட்டம் அமைத்த ஜார்ஜ் கிரஹாம், வழக்கமான 90 பாகை வில்லோடு, அதனருகே 96 பிரிவுள்ள மற்றொரு வில்லையும் கீறினார். அதில் 60 பாகைக்குரிய பகுதி 64 பிரிவாகிவிடுவதால், பாதியாக்குதல் ஒன்றினாலேயே அதனை முற்றும் வகுத்துவிடலாம். காண்பவர் இரண்டையும் படித்து ஒப்பிடும்போது முதல் வில்லின் பிழை வெளிப்பட்டுவிடும். தம் கையின் தவற்றைச் சொல்லும் சாட்சியைத் தாமே பக்கத்தில் நிறுத்திய அம்மனிதர், பெரிய கண்டுபிடிப்புகள் செய்த பலரினும் உயர்ந்தவர் என்பது என் அபிப்பிராயம். பேர்ட் இந்த யுக்தியை மேலும் வளர்த்து, ஐந்து கலை கொண்ட 1,024 பங்குகளாகும் 85 பாகை 20 கலை வில்லின் நாணைக் கணக்கிட்டெடுத்து, அதனைப் பாதி பாதியாகப் பகுத்தார். மனிதருடம்பின் வெப்பத்தாலும் பித்தளை விரியுமென்று, வேலை நடக்கும் அறைக்குள் அதிகம் பேரை விடமாட்டார்.

இந்தக் கைத்திறனை இயந்திரத்துக்கு மாற்றியவர் ராம்ஸ்டன். 2,160 பற்களுள்ள சக்கரத்தை, ஒரு திருகாணியின் ஆறு சுற்றுக்கு ஒரு பாகை வீதம் நகர்த்தும் அந்த யந்திரத்தின் விவரத்தை 1777-இல் வெளியிடச் செய்து, தீர்க்கரேகைச் சபையார் அவருக்கு 615 பவுன் அளித்தனர். பிறருக்கும் அதனைக் கற்பிக்கவேண்டுமென்ற நிபந்தனையும் அதிலிருந்தது. கடலோடிகளின் செக்ஸ்டன்டு கைக்கடக்கமாயினும் நம்பத்தக்கதாயிற்று என்றால், அது இதன் பயன்.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1802-இல் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தென்னாட்டின் பெரிய நிலஅளவையைத் தொடங்கிய லாம்டனின் தியோடலைட்டு, ராம்ஸ்டனிடம் தொழில் பயின்ற கேரி செய்தது. எடை ஏறக்குறைய அரை டன். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு அதனை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, கிடைவட்டம் உருக்குலைந்தது. வேறொருவராயின் சீமைக்கு எழுதிவிட்டு இரண்டு வருஷம் காத்திருப்பார். லாம்டனோ ஆறு வாரம் கூடாரத்தில் அடைந்துகிடந்து, ஆப்பும் திருகும் கப்பியுங்கொண்டு அவ்வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்துப் பழைய வடிவுக்குக் கொணர்ந்தார்.

அப்படி மீட்கப்பட்ட வட்டத்தில் கேரியின் கோடுகள் எவ்வளவு தூரம் தம் இடத்துக்குத் திரும்பின, அதற்குப்பின் எடுத்த கோணங்களை எவ்வளவு நம்பலாம் என்பவை, கணிதமும் சரித்திரமும் அறிந்தோர் இச்சபையில் நிறைந்திருக்கும்போது தவிர்க்கக்கூடாத விசாரணைகள். மாலையில் விவாதத்துக்கென ஒதுக்கிய நேரத்தில் இவற்றை முதலில் எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டு, முதற் கட்டுரையாளரை அழைக்கிறேன்.