கோப்பு இருக்கிறது; இல்லை என்கிறது

லினக்ஸ் கணினியில் மென்பொருள் நிறுவும்போது ஷெல் ஸ்கிரிப்ட் ஓடாவிட்டால், மாணவர்கள் உடனே கட்டளைக்கு முன்னால் ‘சூடோ’ போடுகிறார்கள். அதற்கு முன், திரையில் வந்த வரியை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்துக்குப் பயந்து அந்த வரியைத் தாண்டிப்போகும் பிள்ளைகள்தான் நம்மிடம் அதிகம்.

‘பெர்மிஷன் டினைடு’ என்றால் இயக்க அனுமதி இல்லை. பென் டிரைவிலேயே வைத்து ஓட்டினால் ‘சிஎச்மோட்’ கட்டளையும் பலிக்காது. ஃபேட் வகை டிரைவில் அந்த அனுமதியைக் குறித்துவைக்க இடமே கிடையாது. ஹோம் கோப்புறைக்கு நகலெடுத்து, அங்கே அனுமதி கொடுங்கள்.

அடுத்தது வேடிக்கை. கோப்பு கண்ணெதிரே இருக்கும். ‘நோ சச் ஃபைல்’ என்று வரும். பெரும்பாலும் யாராவது அதை விண்டோஸில் திருத்திச் சேமித்திருப்பார்கள். விண்டோஸ் வரி முடிவில் 2 குறிகள் இடும். லினக்ஸுக்கு 1 போதும். முதல் வரியிலுள்ள ‘பேஷ்’ என்ற பெயரோடு அந்த உபரிக் குறியும் ஒட்டிக்கொள்ள, கணினி அந்தப் பெயரில் ஒரு நிரலைத் தேடுகிறது.

“அப்ப அது இல்லேன்னு சொன்னது நம்ம ஃபைலை இல்லையா சார்?” என்று 9ஆம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். ‘டாஸ்டுயூனிக்ஸ்’ கட்டளையை அவளே தட்டினாள்.