பைபர் பாடியும் சைலன்சர் சூடும்

ஏப்ரல் சீசன் நெருங்க நெருங்க நுவரெலியா கராஜ்களில் வேலை குவிந்துவிடும். அந்தச் சீசனில் நடக்கும் மகாகஸ்தோட்டை மலையேற்ற மோட்டார் போட்டி தொடங்கியது 1934இல். தேயிலை மலைக்குள் வளைந்து ஏறும் அந்தப் பாதையோரம் நின்று பார்த்து வளர்ந்த எங்களுக்கு, எஞ்சின் சத்தம் காதில் விழுந்தால்தான் சீசன் வந்த மாதிரி. போட்டியில் ஓடாதவர்களும் அந்த ஆசையில் புது சைலன்சர் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். இரும்பு பாடி என்றால் வேலையைத் தொடங்கிவிடுவேன். பைபர், அதாவது கண்ணாடியிழை, பாடி என்றால், முதலில் வண்டிக்காரரை உட்காரவைத்துக் கொஞ்சம் பேச வேண்டும். அந்தப் பேச்சைத்தான் இன்று உங்களோடும் பேசப்போகிறேன்.

பைபர் வண்டிகள் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 1964இல் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் வொக்ஸ்வேகன் பீட்டிலின் பாகங்களோடு சேரும் பைபர் பகி வண்டி ஒன்றை உருவாக்கினார். அதைப் பார்த்து உலகமெங்கும் எத்தனையோ பேர் செய்தார்கள். பெங்களூரில் சிபானி நிறுவனம் 1982இல் டொல்பின் என்ற பைபர் காரைக் கொண்டுவந்தது. 848 சீசீ எஞ்சின்தான். ஆனால் வண்டி அவ்வளவு லேசு. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரம் பந்தயப் பாதையிலும் அது ஓடியது. எங்கள் ஊர் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் இரும்பு பாடி கதவடியில் இற்றுப்போகும். பைபர் துருப்பிடிக்காது. இந்த மலையில் அது பெரிய வரம்.

பைபரின் பகை சூடு.

இரும்புத் தகட்டில் ஓர் இடம் சூடானால் சூடு சுற்றிலும் பரவிவிடும். பைபர் அப்படிப் பரவவிடாது, பட்ட இடத்திலேயே தேக்கி வைத்துக்கொள்ளும். பைபரைப் பிணைக்கும் சாதாரண பொலியெஸ்டர் ரெசின் 70 முதல் 100 பாகை செல்சியஸுக்குள்ளேயே இளகத் தொடங்குகிறது. எஞ்சினை விட்டு வெளியேறும் புகையோ, பாரம் இழுக்கும்போது 600, 800 பாகை வரை போகும். குழாயின் வெளிப்பக்கம் அதைவிடக் குறைவுதான். ஆனால் அந்தக் குறைவான சூடே ரெசினுக்கு மிக அதிகம்.

ஹட்டனிலிருந்து ஒரு தம்பி இரண்டு சீட் பைபர் வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். பின்பக்கம், குழாய் வெளிவரும் ஓட்டையைச் சுற்றிப் பெயின்ட் கொப்புளித்து, நடுவில் பழுப்பேறிக் கிடந்தது. "பெயின்ட் சரியில்லை அண்ணே, சுரண்டிட்டுத் திரும்ப அடிச்சுத் தாங்க" என்றார். பெயின்டில் ஒரு குற்றமும் இல்லை. புதிதாகப் போட்ட குழாயின் முனை பாடியின் விளிம்புக்கு உள்ளேயே முடிந்திருந்தது. புகை முழுவதும் பைபரின் உட்பக்கத்தை நக்கிக்கொண்டே வெளியேறியிருக்கிறது. குழாயை நீட்டி விளிம்பைத் தாண்டவிட்டேன். ஓட்டையைப் பெரிதாக்கி, குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு விரல் இடைவெளி வைத்தேன். பெயின்ட் வேலை அதற்குப் பிறகுதான்.

இந்த இடைவெளியைப் பற்றித்தான் நான் மணிக்கணக்கில் பேசுவேன், நேயர்களே. கம்பளையிலிருந்து ஏறி வருகிறீர்கள் என்று வையுங்கள். இறம்பொடை வரை வளைவுக்கு மேல் வளைவு. இரண்டாம் கியரில், ஆக்சிலேட்டரை மிதித்தபடி மெதுவாக ஏறும்போது எஞ்சின் சூட்டைக் கொட்டுகிறது. வேகம் இல்லாததால் வண்டிக்கு அடியில் காற்றோட்டமும் இல்லை. நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடிக்கலாம் என்று நிறுத்துகிறீர்கள். ஆபத்தான நேரம் அதுதான். இருந்த கொஞ்சக் காற்றும் நின்றுபோக, குழாயின் சூடு நேரே மேலே ஏறும். ஓடும்போது வராத கருகல் வாசம் நிறுத்திய பிறகு வருவது அதனால்தான்.

இதற்கு மருந்து, குழாய்க்கும் பைபருக்கும் நடுவே ஓர் அலுமினியத் தகடு. அதைப் பைபரோடு ஒட்டவைத்து ஸ்க்ரூ அடிக்கக் கூடாது. சின்னக் குழாய்த் துண்டுகளை இடையில் வைத்து, தகட்டின் இரண்டு பக்கமும் காற்று போகும்படி தூக்கி நிறுத்த வேண்டும். தகடு சூட்டைத் திருப்பி அனுப்பும், மிச்சத்தைக் காற்று கொண்டுபோகும். குழாய்க்குத் துணிப்பட்டி சுற்றலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சூட்டை அது அடக்கும், உண்மை. ஆனால் எங்கள் ஈரத்தில் அந்தப் பட்டி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு சாதாரண இரும்புக் குழாயை அரித்துவிடும். நான் தகட்டின் கட்சி.

அடுத்தது தொங்கவிடும் இடம். சைலன்சரின் பாரத்தை சேசி தாங்க வேண்டும், பைபர் தாங்கக் கூடாது. பைபரில் போல்ட் போட்டு இறுக்கினால், எஞ்சின் ஆட்டத்தில் போல்ட்டைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி வெடிப்பு விழும். சேசியிலிருந்து ரப்பர் போட்டுத் தொங்கவிடுங்கள். குழாய் சூட்டில் நீளவும் செய்யும். இரண்டு மீற்றர் ஸ்டெயின்லெஸ் குழாய் 300 பாகை சூடேறினால் ஏறக்குறைய ஒரு சென்றிமீற்றர் நீளும். ரப்பர் அதற்கு இடம் கொடுக்கும். குளிரில் நிற்கும்போது இடிக்காத குழாய், சூட்டில் போய் இடிக்கலாம். ஆகவே இடைவெளியை அதையும் சேர்த்தே கணக்குப் பண்ணுங்கள்.

வெல்டிங் பற்றி ஒரே பேச்சு. பைபர் பாடிக்கு அடியில் வைத்து வெல்டிங் வேண்டவே வேண்டாம். அளவு பார்த்து அடையாளம் போட்டு, குழாயைக் கழற்றி எடுத்துத் தள்ளிவைத்து அடியுங்கள். ரெசினில் நெருப்புப் பற்றினால் வரும் கரும்புகையில் நின்று அணைக்க முடியாது.

அம்மாமாரே, பின் சீட்டில் பிள்ளைகளோடு போகிறவர்களே, இது உங்களுக்கு. நுவரெலியாக் குளிரில் நாம் கண்ணாடியை முழுதாக ஏற்றிவிட்டுத்தான் ஓட்டுகிறோம். ஜொயின்ட்டில் கசிவு இருந்து, தரையில் அடைக்காத ஓட்டையும் இருந்தால், காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு உள்ளே வந்துவிடும். அதற்கு நிறமில்லை, வாசமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஒட்டிக்கொள்ளும் பலம் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல். தலைவலி, குமட்டல் வந்தால் வளைவுகள்தான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். வண்டியை நிறுத்துங்கள், கண்ணாடியை இறக்குங்கள், எல்லோரும் வெளியே வாருங்கள்.

சத்தத்தைப் பற்றிப் பேச நேரம் போதவில்லை. 2025 ஜனவரியில் பொலிஸார் வீதிகளில் வண்டிகளை நிறுத்திச் சத்தமான சைலன்சர்களைக் கழற்றவைத்தது நினைவிருக்கும். வாகன வரிப்பத்திரத்துக்கு முன் புகைப் பரிசோதனையும் இருக்கிறது. கார்புரேட்டர் வண்டிக்காரர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். இங்கே 1868 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதன் ஐந்தில் நான்கு பங்குதான். கொழும்பில் சரிசெய்த வண்டி இங்கே பெற்றோலைக் கூடுதலாகக் குடிக்கும். எரியாத பெற்றோல் சைலன்சருக்குள் போய் எரிந்தால் சூடு இன்னும் ஏறும்.

நிகழ்ச்சி முடியும் மணி அடிக்கப் போகிறார்கள். இடைவெளி, தகடு, ரப்பர், ஓட்டை அடைப்பு, இவ்வளவையும் உங்கள் கராஜ்காரரிடம் கேட்டு வாங்குங்கள். இன்னொரு வேண்டுகோளும் உண்டு. சீசனுக்கு முதல் நாள் வண்டியைக் கொண்டுவராதீர்கள். புதுக் குழாய் ஒருதரம் நன்றாகச் சூடாகி ஆறியதும் கிளாம்ப் தளரும், அதைத் திரும்ப இறுக்க வேண்டும். ஒரு வாரம் முந்தி வாருங்கள். மாட்டி, நானுஓயா வரை ஓட்டிப் பார்த்து, பைபரைக் கையால் தொட்டுப் பார்த்து, மறுபடி இறுக்கித் தருகிறோம். உங்கள் வண்டிகள் நல்லபடியாக மலை ஏறட்டும்.