கூடாரத்தைச் சுமப்பதா, வாடகைக்கு எடுப்பதா?

தமிழ்நாட்டில் அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும், தில்லியிலும் சண்டிகரிலும் லக்னோவிலும் வாழும் தமிழர் வீடுகளுக்கு ஊரிலிருந்து உறவினர் வரத் தொடங்குவர். குதுப் மினாரும் தாஜ்மகாலும் பார்த்து முடிந்தபின் குழந்தைகளுக்குப் பனி பார்க்க வேண்டும். இளைஞர்கள் உடன் வந்திருந்தால் அதுவும் போதாது. மலைமீது கூடாரம் அடித்து ஓர் இரவேனும் தங்கியே தீர வேண்டும் என்பர். புறப்படுவதற்கு முன்பே தொலைபேசியில் கேள்வி வந்துவிடும்: "மாமா, கூடாரம், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் இங்கேயே வாங்கிக்கொண்டு வந்துவிடட்டுமா?"

"வேண்டா, போகிற இடத்தில் வாடகைக்குக் கிடைக்கும்" என்று நாங்கள் விடை சொல்வது வழக்கம். அவ்விடை பாதி சரியானது. மறுபாதியைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு ஒரு டிசம்பர் மாத இரவு வேண்டியிருந்தது. அதனையே இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

வாடகைக்கு எடுப்பது தமிழருக்குப் புதிய வழக்கமன்று. திருமணத்திற்கு வெளியூர் செல்லும் எந்த வீட்டாரும் அண்டாவையும் குண்டானையும் வண்டியில் ஏற்றிச் செல்வதில்லை. திருமணம் நடக்கும் ஊரிலேயே பாத்திரக்கடை இருக்கும், பந்தற்காரர் இருப்பார், ஜமக்காளமும் நாற்காலியும் எண்ணிக்கைப்படி வந்து இறங்கும். காசிக்குச் சென்ற நம் முன்னோர் தங்குமிடத்தைச் சுமந்து சென்றனரா? நகரத்தார் சத்திரம் அங்கே காத்திருந்தது. அப்படியிருந்தும், மலைக்குப் போவது என்றவுடன் நமக்கு எப்படியோ ஓர் அச்சம் வந்துவிடுகிறது. அங்கே ஒன்றும் கிடைக்காது என்று எண்ணிப் பரணில் உள்ளதையெல்லாம் இறக்கிக் கட்டுகிறோம்.

நான்கு பேர் கொண்ட குடும்பத்திற்குச் சுமை எவ்வளவு ஆகும் என்று ஒருமுறை நிறுத்துப் பார்த்தோம். கடுங்குளிருக்கேற்ற உறக்கப்பை ஒன்று ஏறத்தாழ 2 கிலோ. நான்கு பைக்கு 8. இருவர் படுக்கும் கூடாரம் 3 கிலோ வீதம் இரண்டு. அடியில் விரிக்கும் மெத்தைப் பாய்கள், அடுப்பு, பாத்திரங்கள் எல்லாம் சேர 20 கிலோவுக்குக் குறையாது. உடுப்பு இன்னும் கணக்கில் வரவில்லை. இரயிலில் படுக்கை வசதி வகுப்பில் ஒருவர் 40 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம் என்பது உண்மை. ஆனால் இரயில் டேராடூனில் நின்றுவிடும். அதற்கப்பால் மலைப்பேருந்தின் கூரைமேல் ஏற்றியும் இறக்கியும் செல்ல வேண்டியவர் நாமே. விமானத்திலோ பெரும்பாலும் ஒருவருக்கு 15 கிலோவோடு சரி.

விலையையும் பாருங்கள். தரமான உறக்கப்பை ஒன்றுக்கே சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஆண்டில் இரண்டு இரவு பயன்படும் பொருள், எஞ்சிய நாளெல்லாம் நகரத்துச் சிறு வீட்டின் பரணில் சுருண்டு கிடந்து பூசணம் பிடிக்கும். தில்லியில் ஒருமுறை மழைக்காலத்தைக் கழித்த கூடாரத்தைப் பிரித்து முகர்ந்தவர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை.

சில பொருள்களைக் கொண்டு செல்ல நினைத்தாலும் வழியில்லை. அடுப்பெரிக்கும் எரிவாயுக் குப்பியை இரயிலிலும் ஏற்றலாகாது, விமானத்திலும் ஏற்றலாகாது. பாதுகாப்பு ஒருபுறம் இருக்க, இதில் இயற்பியல் கணக்கொன்றும் உண்டு. சமவெளிக் கடையில் மலிவாகக் கிடைக்கும் குப்பிகள் பலவற்றில் பியூட்டேன் மட்டுமே இருக்கும். சுழிப் பாகையை ஒட்டிய குளிரில் அது ஆவியாகாமல் திரவமாகவே தங்கிவிடும், அடுப்பு எரியாது. ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த குப்பியே மலையில் உதவும். லே நகரிலும் மணாலியிலும் உள்ள மலையேற்றக் கடைக்காரர்களுக்கு இது அன்றாடச் செய்தி. நமக்கோ உறைபனியில் தீக்குச்சியைக் கிழித்த பிறகுதான் தெரியும்.

செல்லும் இடத்தை அறிந்தால் வாடகைகூடச் சில வேளை வேண்டியிராது. கல்கத்தா அன்பர்கள் மானேபஞ்சனிலிருந்து சாந்தக்ஃபூவுக்கு நடந்து சென்றால், வழிநெடுக மலையேறுவோர் குடில்கள் உண்டு. கட்டிலும் ரஜாயும் அங்கேயே கிடைக்கும். லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கில் ஊரார் வீடுகளிலேயே தங்கலாம். மும்பைத் தமிழர்க்கு லோனாவ்லாவை அடுத்த பவனா ஏரிக்கரையில் அடித்துவைத்த கூடாரங்களே காத்திருக்கின்றன. மணாலியிலிருந்து ரோத்தாங் கணவாய்க்குச் செல்லும் சாலையோரத்தில் எண்ணிட்ட கடைகள் வரிசையாக இருக்கும். பனி உடுப்பையும் காலணியையும் காலையில் எடுத்து மாலையில் கொடுத்துவிடலாம். அந்த உடுப்புகளின் மணத்தைப் பற்றி இங்கே பேசாதிருப்பதே நலம்.

சொந்தக் கூடாரம் இருந்தாலும் நினைத்த இடத்தில் அடித்துவிட முடியாது என்பதும் கருதத்தக்கது. பூக்களின் பள்ளத்தாக்கில் இரவு தங்க இடமில்லை. மாலைக்குள் காங்கரியாவுக்குத் திரும்பியாக வேண்டும். 'புக்யால்' எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதைத் தடுத்து உத்தரகண்ட் உயர்நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆணையிட்டது. எங்கே அடிக்கலாம், எங்கே அடிக்கலாகாது, எந்தச் சரிவில் காற்று மிகும் என்பன கூடாரத்தை வாடகைக்குக் கொடுக்கும் ஊராருக்குத் தெரியும். கூடாரத்தோடு அந்த அறிவும் நமக்குக் கிடைக்கிறது.

நிற்க. எங்கள் டிசம்பர் இரவுக்கு வருவோம்.

டேராடூனிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் சாங்க்ரி என்னும் சிற்றூர் இருக்கிறது. 3,800 மீட்டர் உயரமுள்ள கேதார்காந்தா சிகரத்திற்குச் செல்வோர் அங்கிருந்தே நடக்கத் தொடங்குவர். ஊரின் ஒரே தெருவில் வாடகைக் கடைகள் பல உண்டு. நாங்கள் எட்டுப் பேர், பேருந்து தாமதித்ததால் இருட்டிய பிறகே போய்ச் சேர்ந்தோம். மறுநாள் விடியலில் புறப்பட வேண்டும் என்ற பரபரப்பில், ஒரு கடையில் எட்டு உறக்கப்பைகளைக் கேட்டோம். கடைக்காரர் எண்ணிக் கொடுத்தார். நாங்கள் எண்ணி வாங்கினோம். எண்ணியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

அடுத்த நாள் மாலை ஜூடா கா தாலாப் என்னும் சிறு ஏரிக்கரையில் தங்கினோம். உயரம் ஏறத்தாழ 2,700 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறரைப் பாகை குறையும் என்பது பொதுக்கணக்கு. டேராடூனில் 8 பாகை குளிர் என்றால் அங்கே சுழிக்குக் கீழே 5 பாகை. உணவு முடிந்து அவரவர் பையில் புகுந்தோம். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கிடைத்த பையின் ஜிப்பு, இடுப்புக்கு மேலே வராமல் நின்றுவிட்டது. பிறர் தூக்கத்தைக் கெடுக்கலாகாது என்று அவன் வாய் திறவாமல் படுத்துவிட்டான். ஊரிலிருந்து விருந்தாக வந்த பிள்ளை. அந்த மரியாதை அவனுக்கு வீட்டில் கற்பித்தது.

நள்ளிரவுக்குப் பின் அவன் தாய் தற்செயலாகக் கையை நீட்டித் தொட்டார். உடல் அடங்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது. பெயர் சொல்லி அழைத்தால் விடை குழறி வந்தது. எங்களில் ஒருவர்க்கும் அடுத்துச் செய்வது தோன்றவில்லை. உடன் வந்திருந்த சாங்க்ரி இளைஞர்தாம் எழுந்து வந்தார். வியர்வையில் நனைந்திருந்த சட்டையைக் களைந்து உலர்ந்ததை அணிவித்தார். இரண்டு பைகளை ஒன்றாகச் சேர்த்து, சிறுவனைப் பெரியவர் இருவர்க்கு நடுவே படுக்கவைத்தார். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி மார்பருகே வைத்தார். அவன் தெளிந்து விழுங்கத் தொடங்கியதும் சர்க்கரை மிகுந்த தேநீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்தார். தம்முடைய கம்பளத்தையும் போர்த்திவிட்டுத் தாம் அடுப்பருகே உட்கார்ந்திருந்தார். நடுக்கம் அடங்க ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று. விடிந்ததும் சிகரத்தை மறந்து கீழே இறங்கினோம்.

உறக்கப்பை தானாக வெப்பத்தைத் தருவதில்லை. உடலின் வெப்பத்தை வெளியே விடாமல் காக்கும். வாய் மூடாத பை, கதவில்லாத வீடு போன்றது. ஆகவே கடையில் ஒவ்வொரு பையையும் பிரித்து, அதனுள் புகுந்து, ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். பிறகு பையை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பஞ்சோ இறகோ ஒருபுறம் கட்டிதட்டிப் போயிருந்தால், மறுபுறத்தில் வெளிச்சம் தெரியும். இறகடைத்த பை ஈரமானால் பயனற்றது. எனவே தொட்டும் முகர்ந்தும் பார்க்க வேண்டும்.

"மைனஸ் பத்து தாங்கும்" என்று கடையில் சொல்வர். அந்த எண்ணையும் ஆராய வேண்டும். ஐரோப்பாவில் 2005 முதல் வழக்குக்கு வந்து, பின்னர் அனைத்துலகத் தரமாகவும் அமைந்த முறைப்படி, பையில் மூன்று வெப்ப எண்கள் அச்சிட்டிருக்கும். முதல் எண், சராசரிப் பெண் ஒருவர் இயல்பாக உறங்கும் அளவு. இரண்டாவது, ஆண் ஒருவர் உடலைக் குறுக்கிக்கொண்டு உறங்கும் எல்லை. மூன்றாவது, உயிரோடு விடியலாம் என்னும் அளவு. அதற்கு உறக்கம் என்று பெயரில்லை. நாங்கள் கண்டவரை கடையில் எடுத்துச் சொல்லப்படுவது மூன்றாவது எண்ணே. நாம் பார்க்க வேண்டியது முதலாவது எண். அதுவும் புதுப் பைக்கு உரியது. பல கைகள் மாறி நைந்த பைக்கு அன்று. ஐயமிருந்தால் குழந்தைக்கும் முதியவர்க்கும் இரண்டு பைகளாக எடுத்துவிடுவது சிக்கனத்திற்கு மாறானதன்று. அடியில் விரிக்கும் பாயையும் மறக்கலாகாது. நம் எடையால் பையின் அடிப்பகுதி நசுங்கிவிடுமாதலால், தரையின் குளிரைத் தடுப்பது அந்தப் பாய்தான்.

கூடாரத்தைக் கடை வாசலிலேயே ஒருமுறை அடித்துப் பார்த்தல் நன்று. கோல் ஒன்று குறைந்தாலும் மலைமீது மாற்றில்லை. முளைகளை எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆயின் எல்லாவற்றையும் வாடகைக்கு விட்டுவிடலாமா? உடலை ஒட்டிய பொருள்கள் சொந்தமாகவே இருத்தல் வேண்டும். அவற்றுள் முதலாவது காலணி. பிறர் காலுக்குப் பழகிய காலணியால் மலையேறினால் முதல் நாளே கொப்புளம் எழும். புறப்படும் முன்தினம் வாங்கிய புதுக் காலணியும் அத்தகையதே. இரண்டு மூன்று வாரம் வீட்டருகே நடந்து பழக்கிய பின்னரே அதை மலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். காலுறை, உள்ளாடை, தொப்பி, மருந்து ஆகியனவும் நம்முடையனவே. அதே காலணியின் அடியில் பனியில் வழுக்காதபடி மாட்டும் இரும்புப்பல் பட்டையும் ஊன்றுகோலும் மட்டும் அங்கே எடுக்கலாம்.

வாடகைப் பையின் தூய்மையைப் பற்றித் தயங்குவோர் உண்டு. அதற்கு எங்கள் வீட்டுப் பெண்மணி ஒருவர் கண்ட வழி எளியது. பழகி மென்மையான எட்டு முழ வேட்டி ஒன்றை நீளவாட்டில் சரிபாதியாக மடித்து, இரு பக்கமும் தைத்துவிட்டால், வாய் மட்டும் திறந்த ஓர் உறை ஆகிவிடும். அதனைப் பைக்குள் நுழைத்து அதனுள் படுத்துக்கொள்ளலாம். எடை சில நூறு கிராம், வந்ததும் துவைத்துவிடலாம். வேட்டி இவ்வளவு உயரம் ஏறும் என்று நெய்தவர் நினைத்திருக்க மாட்டார்.

பேரம் பேசுமிடத்தில் ஒரு சொல்லைக் குறித்து எச்சரிக்க வேண்டும். இந்தியில் 'கிராயா' என்றால் வாடகை. நம் 'கிரயம்' விற்பனை விலை. புதிதாக வந்த உறவினர் ஒருவர் கடைக்காரர் சொன்ன கிராயாவைக் கிரயம் என்று கொண்டு, இவ்வளவு மலிவா என்று வியந்து, நான்கு பைகளை ஊருக்கே கொண்டுபோக ஆயத்தமாகிவிட்டார். வைப்புத்தொகை கொடுப்பதானால் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆதார் அட்டையின் மூலத்தை விட்டு வரலாகாது. படி ஒன்று கொடுத்தால் போதும். கிழிசலோ கறையோ இருந்தால் எடுக்கும்போதே கடைக்காரர் முன்னிலையில் கைப்பேசியில் படமெடுத்து வைத்தால், திருப்பும்போது வழக்கு எழாது. டிசம்பர் இறுதியிலும் மே, ஜூன் மாதங்களிலும் நெரிசல் மிகுதி. நல்ல பைகள் முதலில் போய்விடும். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவைத்துப் பகல் வெளிச்சத்தில் போய்ச் சேருமாறு பயணத்தை அமைத்துக்கொள்ள வேண்டும்.

திருப்பிக் கொடுக்கும்போது கூடாரம் நனைந்திருந்தால் உதறி, வெயிலில் காட்டிக் கொடுப்பது முறை. குறை கண்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சாங்க்ரிக்குத் திரும்பியதும், பழுதான பையை நாங்கள் தனியே எடுத்து, ஜிப்பைக் காட்டி, இரவு நடந்ததையும் கூறினோம். கடைக்காரர் சிறுவனை அழைத்து அருகில் அமர்த்தி அவன் கைகளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அந்தப் பையைக் குவியலில் போடாமல், தையற்காரரிடம் அனுப்புவதற்காக உள்ளே எறிந்தார். அந்த மாதத்தில் எங்களுக்கு முன்பும் சில குழுவினர் அதை எடுத்துச் சென்றிருந்தனர். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையாம்.