நாரிப்பிடிப்பும் நமது பழக்கமும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



நாரிப்பிடிப்பு நம்மவர் பலருக்கும் பழகிய விருந்தாளி. தோட்டத்திலே வெங்காயம் நடுபவருக்கும் அது உண்டு. சுன்னாகம் சந்தையிலே வாழைக்குலை சுமப்பவருக்கும் உண்டு. கந்தோரிலே கதிரையை விட்டெழாதவருக்கும் உண்டு. முதியோர் அதை வயதின் கூலி என்று பொறுத்துக்கொள்கின்றனர். இளைஞரோ கைத்தொலைபேசிமேற் குனிந்திருந்து, அக்கூலியை முன்பணமாகவே வாங்கிக்கொள்கின்றனர். இவ்விரண்டும் வேண்டியதில்லை என்பதே எனது கருத்து.

உலகப் புகழ்பெற்ற வயலின் வித்துவான் யெகுதி மெனுகின் 1952ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தார். உடலிறுக்கத்தாலும் களைப்பாலும் உறக்கமின்றி வருந்திய அவர், பம்பாயிலே யோகாசிரியர் பி. கே. எஸ். ஐயங்காரைச் சந்தித்தார். ஐயங்கார் அவரைச் சவாசனத்திற் கிடத்த, சிறிது நேரத்தில் அவர் அயர்ந்துறங்கிவிட்டார். 1954இல் ஐயங்காரைச் சுவிற்சர்லாந்துக்கு அழைத்து, கைக்கடிகாரமொன்றைப் பரிசளித்தார். தமது மிகச் சிறந்த வயலின் ஆசிரியர் ஐயங்காரே என அதிற் பொறித்திருந்தார். வில்லைப் பிடிப்பது கை மட்டுமன்று. தோளும் கழுத்தும் முதுகும் சேர்ந்தே பிடிக்கின்றன என்பதை அவர் நன்குணர்ந்தார் போலும். ஐயங்காரும் பிறவிப் பயில்வானல்லர். சிறுவயதிலே மலேரியா, காசம் முதலிய நோய்களால் மெலிந்திருந்து, பயிற்சியினாலே தேறியவர்.

மனிதனுடைய தலை ஏறக்குறைய 5 கிலோ நிறையுள்ளது. அது தோளுக்கு நேரே நின்றால் முள்ளந்தண்டு அதனை இலகுவாய்த் தாங்கும். முன்னே சரிந்தால் பிடரித் தசைகள் கயிறுபோல இழுத்துப் பிடிக்கவேண்டும். நிறைகுடத்தை இடுப்போடணைத்துச் செல்வதற்கும், கையை நீட்டி ஏந்திச் செல்வதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பழக்கத்தை மாற்றினால் நோ குறையுமா? அலெக்சாந்தர் என்பார் வகுத்த உடற்பழக்க முறையை, இங்கிலாந்திலே முதுகுநோவுள்ள 579 பேரிடத்துச் சோதித்து, 2008இல் முடிவை வெளியிட்டனர். ஓராண்டின் பின், நான்கு வாரத்தில் நோவிருந்த நாட்கள், வழமையான வைத்தியம் மட்டும் பெற்றோருக்கு நடுவளவில் 21; அம்முறையில் 24 பாடம் பயின்றோருக்கு 3.

ஆனால், அன்பர்களே, நிமிர்தல் என்பது விறைத்து நிற்றலன்று. எவ்வளவு நல்ல இருக்கையும் நெடுநேரமானால் தீயதே. அரைமணிக்கொருமுறை எழுந்து நாலடி நடவுங்கள். கைத்தொலைபேசியைக் கண்மட்டத்துக்கு உயர்த்துங்கள். சுமை தூக்கும்போது முழங்காலை மடக்கி, சுமையை மார்போடணைத்து எழும்புங்கள். சாய்மனைக் கதிரையில் அமரும் பெரியோர் நாரிக்குப் பின்னே சிறு தலையணை வைத்துக்கொள்ளலாம். நாற்று நடுபவர் ஒரு பாத்தி முடிந்ததும் நிமிர்ந்து, கைகளை இடுப்பிலூன்றி மெல்லப் பின்வளையலாம். காலில் விறைப்போ பலக்குறைவோ கண்டாலும், சலம் மலம் கட்டுப்படாவிட்டாலும், எண்ணெய் பூசிக்கொண்டு காத்திராது உடனே ஆசுபத்திரிக்குச் செல்லவேண்டும்.

வாலிபர்களுக்கு ஒரு வேண்டுகோள். உடம்பைப் பேணுதல் நமது உடம்போடு முடிந்துவிடுவதன்று. விடியற்காலையிலே நமது தாய்மார் குட்டையான ஈர்க்கு விளக்குமாற்றோடு முற்றம் முழுவதும் குனிந்தே கூட்டுகின்றனர். அவ்விளக்குமாற்றுக்கு நீண்டதொரு தடி கட்டிக்கொடுக்க எவ்வளவு நேரம் செல்லும்? கிணற்றடியிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் நாம் தூக்கிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? நாளைக் காலையே இதனைச் செய்வோமாக. பிறருடைய முதுகையும் நிமிர்த்துகின்றவனே உண்மையில் நிமிர்ந்து நிற்பவன்.