தீங்குற்றார் யார்?

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், நில்ஸ் கிறிஸ்டி என்னும் நார்வே நாட்டுக் குற்றவியற் பேராசிரியரின் கல்விப் பணியும், குற்றத்தால் தீங்குற்றாரைப் பற்றி அவர் ஆராய்ந்து கண்டவையுமாம். தமிழாசிரியருக்குக் குற்றவியலில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். எமக்குத் தெரிந்த இலக்கணத்தைக் கொண்டே விடை கூறுவோம். ‘திருடன் கிழவியை அடித்தான்’ என்னும் வாக்கியத்தில் திருடன் எழுவாய், கிழவி செயப்படுபொருள். இவ்வாக்கியம் நீதிமன்றத்துட் புகுந்ததும் ‘திருடன் சட்டத்தை மீறினான்’ என்று ஆகிவிடுகின்றது. எழுவாய் இருந்தபடியே இருக்கின்றது. கிழவி இருந்த இடத்திற் சட்டம் வந்து அமர்ந்துகொள்ள, அவள் சாட்சிக் கூண்டிற்குப் போய்விடுகின்றாள். அக்கிழவி எங்கே போனாள் என்று தேடியவர் கிறிஸ்டி.

சொல்லைப் பற்றி ஒரு சொல். ‘பாதிக்கப்பட்டவர்’ என்பது இக்காலப் பத்திரிகை வழக்கு. வெள்ளத்தாலும் நோயாலும் துன்புற்றோரும் அதனுள் அடங்குவர் ஆதலின், பிறர் செய்த தீமையால் துன்புற்றோரை ஈண்டுத் ‘தீங்குற்றார்’ என்றே வழங்குவோம். ஆங்கிலத்தில் இவரைக் குறிக்கும் ‘விக்டிம்’ என்னும் சொல், இலத்தீன் மொழியில் தெய்வத்திற்குப் பலியிடும் விலங்கைக் குறித்த சொல்லினின்று வந்தது. நார்வே மொழியிலும் பலிக்கும் தீங்குற்றாருக்கும் ஒரு சொல்லே. நாமும் ‘விபத்திற்குப் பலியானார்’ என்கின்றோம். பலியாடு பேசாது, அது பேசவேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

கிறிஸ்டி 1928-ஆம் ஆண்டில் ஆஸ்லோ நகரிற் பிறந்தவர். 1940 முதல் 1945 வரை ஜெர்மானியர் நார்வேயைக் கைக்கொண்டிருந்த காலத்தில் அவர் பள்ளிச் சிறுவர். அப்போது யூகோஸ்லாவியாவிலிருந்து கொண்டுவரப்பெற்ற கைதிகள் வட நார்வேயின் முகாம்களிற் பசியாலும் அடியாலும் பெருந்தொகையினராய் மடிந்தனர். அம்முகாம்களிற் காவல் புரிந்தோருள் நார்வே நாட்டவரும் இருந்தனர். போர் முடிந்தபின், மாணவராயிருந்த கிறிஸ்டி, கொடுமை செய்து தண்டனை பெற்ற காவலரையும், அதே முகாம்களில் வேலை பார்த்தும் கொடுமை செய்யாதிருந்த காவலரையும் நேரிற் கண்டு வினவினார். முன்னவர் பிறவிக் கொடியர், பின்னவர் பிறவி நல்லர் என்று முடிந்திருந்தால் ஊரார்க்கு நிம்மதியாயிருந்திருக்கும். அவர் கண்டதோ வேறு. கொடுமை செய்யாதோர் கைதிகளோடு சற்றேனும் நெருங்கிப் பழகியிருந்தனர்; கைதி தன் வீட்டாரின் புகைப்படத்தை எடுத்துக் காட்டப் பார்த்திருந்தனர். மற்றையோர் கண்களுக்குக் கைதிகள் அழுக்கும் அபாயமும் நிறைந்த வேற்றுக் கூட்டமாகவே தோன்றினர். 1952-இல் எழுதிய இவ்வாராய்ச்சி நூலாக வெளிவந்தது 1972-இல். இருபதாண்டு இடைவெளி! தம்மவர் செய்த கொடுமையைக் கேட்கும் செவி எந்நாட்டிலும் மெல்லத்தான் திறக்கின்றது.

1966-இல் அவர் ஆஸ்லோப் பல்கலைக்கழகத்திற் குற்றவியற் பேராசிரியரானார். தண்டனை என்பது வேண்டுமென்றே செய்யும் நோவு, அதற்கு எல்லை வேண்டும் என்று 1981-இல் ஒரு நூலும், சிறைகள் பெருகுவது ஒரு தொழிலாகிவிட்டது என்று 1993-இல் மற்றொரு நூலும் எழுதினார். 2015-இல் மறைந்தார். அந்நூல்களை விரித்தற்கு இங்கு நேரமில்லை. நம் பொருளுக்கு உரியது 1986-இல் வெளிவந்த ஒரு சிறு கட்டுரை.

அதில் அவர் ஒரு மூதாட்டியைக் காட்டுகின்றார். நோயுற்ற தன் உடன்பிறந்தாளுக்குப் பணிவிடை செய்துவிட்டு நடுப்பகலில் வீடு திரும்புகின்றாள். முன்பின் அறியாத முரடன் ஒருவன் அவள் தலையில் அடித்துக் கைப்பையைப் பறித்துப் போய், அப்பணத்தைக் குடியிற் செலவிடுகின்றான். இவளைத் தீங்குற்றாள் என்று ஏற்க எவரும் ஒரு கணமும் தயங்கார். ஏன்? அவள் எளியவள், நற்பணி முடித்து வந்தாள், நின்ற இடமும் நேரமும் குறை சொல்ல இயலாதவை, அடித்தவன் பெரியவன், தீயவன், அயலான். இத்தகையாரை ‘உத்தமத் தீங்குற்றார்’ என்று சொல்லலாம். இப்போது மற்றொருவனை நோக்குங்கள். இளைஞன், மதுக்கடையில் இருக்கின்றான், தெரிந்தவன் ஒருவன் அவன் தலையில் அடித்துப் பணத்தைப் பறிக்கின்றான். அடி முன்னதிலும் பலமானதே எனினும், ‘அங்கே இவனுக்கு என்ன வேலை?’ என்பதே நம் வாயில் முதலில் வரும். பள்ளியில் இருவர் சண்டையிட்டு ஒருவன் அழுதுகொண்டு வந்தால், ‘நீ ஏன் அவன் பக்கத்திற் போனாய்?’ என்று அழுகின்றவனையே முதலிற் கேட்கும் ஆசிரியர்கள் உளர்.

காயத்தின் அளவு வேறு, தீங்குற்றார் என்னும் பெயர் வேறு. அப்பெயரைக் கொடுப்பது சமூகம் என்பதே கிறிஸ்டியின் கருத்து. அதன் விளைவுகளையும் அவர் விடாமற் காட்டுகின்றார். அடிக்கப்படும் மனைவி நெடுங்காலம் அப்பெயரைப் பெறவில்லை. அவள் நின்ற இடம் வீடு, அடித்தவன் கணவன். ஐரோப்பாவிற் சூனியக்காரிகள் என்று சித்திரவதை செய்து எரிக்கப்பட்ட பெண்களின் துன்பம் கண்கூடாயிருந்தும், அக்காலத்தார் அவர்களைத் தீங்குற்றாராக எண்ணவே இல்லை. இன்னும் ஒன்று: மூதாட்டிகளே குற்றத்திற்கு மிக அஞ்சுகின்றனர், இளைஞரே மிகுதியாக அடிபடுகின்றனர். முரடனாகிய அயலானை எண்ணி அஞ்சும் நாம், பெரும்பாலும் அறிந்தவன் கையாலேயே தீமை நிகழ்வதை மறந்துவிடுகின்றோம்.

முற்கூறிய தகுதிகளுக்கு மேல் மற்றொரு தகுதியும் அவர் சொல்கின்றார். தீங்குற்றார் எளியவராக இருக்கவேண்டும். ஆயினும் தம் குறையைப் பிறர் செவியில் ஏற்றும் அளவு வலிமையும் இருக்கவேண்டும். முற்றும் வலியற்றவர் குரல் எழாது. வலிமை மிகுந்துவிட்டால் இரக்கம் எழாது. இவ்விரண்டிற்கும் நடுவில் உள்ள இடம் மிகக் குறுகியது.

இனி, இதற்குப் பத்தாண்டு முன்பே, 1976-இல், இங்கிலாந்தின் ஷெப்பீல்ட் நகரில் அவர் ஆற்றிய சொற்பொழிவிற்கு வருவோம். பிணக்கு என்பது அதில் உள்ளவர்களின் சொத்து. வழக்கறிஞரும் அரசும் அதனைத் திருடிக்கொண்டனர் என்றார். டான்சானியாவில் அருஷா மாகாணத்து மலைச்சரிவில் நிகழ்ந்த ஒரு வழக்கை அதில் எடுத்துக்காட்டினார். மணம் நிச்சயித்த இருவர் பிரிந்தனர்; கொடுத்த பொருள்களில் எவற்றைத் திருப்பவேண்டும், செலவாகிப்போனவற்றிற்கு என்ன செய்வது என்பது கேள்வி. அவ்விருவரும் நடுவில் இருந்தனர். சுற்றி உறவினர்; அவர்களைச் சுற்றி ஊரார். நீதிபதிகள் இருந்தும் அவர்களைப் பொருட்படுத்துவார் இல்லை. தம் நாட்டு நீதிமன்றத்திலோ தீங்குற்றார் இருமுறை தோற்கின்றனர் என்றார் கிறிஸ்டி: குற்றவாளியிடம் ஒரு முறை, தம் வழக்கிலேயே தமக்கு இடமின்றிப் போவதால் மற்றொரு முறை.

ஆதலின் ஊர்மன்றம் ஒன்று வேண்டும் என்றார். குற்றம் செய்தவன் இவனே என்று உறுதிப்பட்டதும், தீங்குற்றாரின் நிலையை முழுதும் கேட்டு, அவருக்குச் செய்யத்தக்கது யாது என்று ஆராயவேண்டும். தண்டனையைப் பற்றிய பேச்சு அதன் பின்னரே. நார்வேயில் 1991-இல் இயற்றப்பெற்ற சட்டத்தால் இருதிறத்தாரையும் எதிரெதிர் இருத்திப் பேசவைக்கும் சமரச மன்றங்கள் நாடெங்கும் அமைந்தன. அவற்றிற்கு அவர் சொற்பொழிவு பெருந்தூண்டுதலாயிற்று.

எமக்கு இங்கே ஓர் ஐயம் உண்டு. தம் நாட்டில் அயலகத்தார் என்பாரே இல்லாமற் போனதைத் தம் திட்டத்திற்குத் தடையாகக் கிறிஸ்டி கூறினார். நம்மிடம் உள்ள தடை இதற்கு மறுதலை. அயலகத்தார் அளவிற்கு மிஞ்சி உளர். நம் சங்கத்துப் பெரியோர் கணவன் மனைவி பிணக்குகளைக் கேட்டுத் தீர்ப்பதை யாவரும் அறிவோம். அங்கே பெண்ணின் பக்கம் பேசுபவர் தந்தை, அல்லது தமையன், அல்லது தாய்மாமன். அவள் திண்ணைக்கு உட்புறம் நிற்கின்றாள். அருஷாவிலோ பெண் நடுவில் இருந்தாள்.

அடிதடியும் உயிருக்கு அச்சமும் உள்ளவை காவல் நிலையத்திற்கும் நீதிமன்றத்திற்கும் உரியன. அவற்றைச் சங்கம் தொடுதல் தகாது. மற்றைப் பிணக்குகளில், முறையிட்டவள் நடுவில் அமர்ந்து முதலில் தானே பேசவேண்டும். அவள் பேசி முடிக்கும்வரை ‘நீ ஏன் அங்கே போனாய்?’ என்று எவரும் வினவுதல் கூடாது. இவ்விரண்டையும் விதியாக எழுதிக்கொள்ளுமாறு காரியக் கமிட்டியாரை வேண்டிக்கொள்கின்றோம். அடுத்த கூட்டத்தில் இதனை எடுத்துக்கொள்வதாகத் தலைவர் அவர்கள் இசைந்திருக்கின்றார்கள்.