மண் இல்லாத பூச்சாடி
(கேகாலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மாதர் சங்கக் கூட்டத்தில் நாங்கள் பேசியதன் எழுத்து வடிவம்)



போன முறை வந்தபோது பிள்ளைகளின் சத்துணவு பற்றிப் பேசினோம். இன்றைக்கு ஓர்கிட் பூ பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். "சோத்துக்கே இழுபறி, இதுல பூ வேறயா" என்று ஒரு அம்மா மெதுவாகச் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் லயத்து லயம் இஸ்தோப்பில் இந்தச் செடி தொங்குவதைப் பார்க்கிறோம். பாதிக்கு மேல் அழுகிப்போய்க் கிடக்கிறது. சிலது காசு கொடுத்து வாங்கியது, சிலது காட்டிலிருந்து பிடுங்கி வந்தது. இரண்டையும் பற்றிப் பேசத்தான் வேணும்.

முதலில் எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் காரியாலயத்துக்கு ஒருவர் ஊதாப் பூப் பூத்த ஒரு செடியைத் தந்தார். நாங்கள் என்ன செய்தோம்? பெரிய பூச்சாடி எடுத்து, நல்ல செம்மண்ணும் காய்ந்த மாட்டுச் சாணமும் கலந்து நட்டு, காலையும் மாலையும் தண்ணி ஊற்றினோம். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அப்படித்தானே செய்கிறோம்? இரண்டு மாதத்தில் இலை மஞ்சளாகி உதிர்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் எல்லாம் ஊறிய கடுதாசி மாதிரிப் பிசுபிசு என்று கையில் வந்தது. கவனிக்காமல் அது சாகவில்லை. நாங்கள் கவனித்த கவனிப்பில் செத்தது.

கடைகளில் அதிகமாகக் கிடைப்பது டென்ட்ரோபியம் என்ற வகை. கிரேக்க மொழியில் அந்தப் பெயருக்கு மரத்தில் வாழ்வது என்று பொருள். பெயரிலேயே பாதிப் பாடம் இருக்கிறது. கலப்பினச் செடிகள் பலவற்றுக்குத் தாயான இனம் வட அவுஸ்திரேலியாவிலும் நியூகினித் தீவிலும் மரத்திலும் பாறையிலும் ஒட்டி வளர்வது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 1959 ஆம் ஆண்டு முதல் அந்தப் பூவையே தன் சின்னமாக வைத்திருக்கிறது.

மரத்தில் ஒட்டி வளர்கிறது என்றதும் குருவிச்சை என்று நினைத்துவிட வேண்டாம். குருவிச்சை மரத்துக்குள்ளே வேரை இறக்கிச் சாற்றை உறிஞ்சும். ஓர்கிட் மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். மழைத் தண்ணியும், பட்டையில் தங்குகிற குப்பையும், காற்றின் ஈரமுமே அதன் சாப்பாடு. நிழல் மரத்தில் கண்டால் மரத்தைக் கெடுக்குதென்று சுரண்டிப் போடாதீர்கள்.

அந்த வேரைக் கிட்டப் பாருங்க. வெளியே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஓர் உறை இருக்கும். மழை பட்டதும் உறிஞ்சிக்கொள்ளும், பிறகு காற்றில் காயும். காய்ந்திருக்கும்போது வேர் வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை. தண்ணி வேணுமா வேண்டாமா என்று வேரே உங்களுக்குச் சொல்லிவிடும். மண்ணுக்குள் புதைத்தால் அந்த உறை காயவே காயாது, காற்றுப் போகாது, அழுகும். ஆகவே ஓர்கிட் சாடிக்குள் ஒரு பிடி மண்கூடப் போடக் கூடாது.

பிறகு எதில் நடுவது? செலவில்லாத சாமான்தான். பொச்சுமட்டையைத் தீப்பெட்டி அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு கிழமை தண்ணியில் ஊறப் போடுங்கள். தண்ணி தேத்தண்ணி நிறத்தில் கறுத்து வரும், அதை ஊற்றிவிட்டு மாற்றிக்கொண்டே இருக்க வேணும். அந்தக் கறையும் உப்பும் வேருக்கு ஆகாது. அதோடு அடுப்புக்கரித் துண்டும் உடைந்த ஓட்டுத் துண்டும் சேருங்கள். விறகுச் சாம்பல் வேண்டாம், கரிதான். சாடி சின்னதாக இருக்கட்டும், செடி உள்ளே இறுக்கமாக நிற்க வேணும். அடியிலும் பக்கத்திலும் நிறைய ஓட்டை போடுங்கள். பழைய பிளாஸ்டிக் வாளி, கண்ணுள்ள கூடை எதுவும் சரி. தண்டின் அடி மேலே தெரிய வேணும், புதைக்கக் கூடாது. செடி ஆடினால் புது வேர் பிடிக்காது, ஆகவே ஒரு குச்சி ஊன்றிக் கட்டுங்கள்.

தண்ணியைக் காலையில் பிரட்டுக்குப் போகும் முன் ஊற்றுங்கள். அடியால் ஓடி வழியுமட்டும் ஊற்றி, பிறகு விட்டுவிடுங்கள். கரியும் ஓடும் அதிகமான சாடிக்கு வெயில் காலத்தில் தினமும் வேணும், பொச்சு அதிகமானால் இரண்டு நாளைக்கு ஒரு தரம் போதும். மாலையில் ஊற்றினால் இரவு முழுக்க ஈரம் தங்கி, குருத்து அழுகும். அடைமழைக் காலத்தில் கூரைத் தண்ணி நேரே விழாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். வீட்டில் இருக்கிற பாட்டிமார் பாவம் பார்த்து மத்தியானத்தில் இன்னொரு வாளி ஊற்றுவார்கள், அவர்களிடமும் சொல்லி வையுங்கள்!

சாடிக்குக் கீழே தட்டு வைக்கவே வேண்டாம். தேங்காய்ச் சிரட்டையும் வேண்டாம். தண்ணி தேங்கினால் வேருக்கும் கேடு, வீட்டுக்கும் கேடு. டெங்கு நுளம்பு முட்டையிடுவதற்கு அந்தத் தட்டுத் தண்ணி தாராளமாகப் போதும்.

வெளிச்சம் எவ்வளவு என்று உங்களுக்கு நாங்கள் சொல்லித்தரத் தேவையில்லை. தேயிலைத் தவறணையில் பந்தல் போட்டுக் கன்று வளர்த்தவர்கள் நீங்கள். கிட்டத்தட்ட அந்தப் பாதி நிழல்தான் இதற்கும் வேணும். இலை கரும்பச்சையாகக் கொழுகொழு என்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், வெளிச்சம் போதாது, பூக்காது. மஞ்சள் கலந்து வெளிறினால் வெயில் கூட. இளம்பச்சை சரி. காம்பராவுக்குள் வைத்தால் செடி இருக்கும், பூ இருக்காது.

குளிரும் இதற்கு ஆகாது. இரவில் 15 பாகை செல்சியசுக்குக் கீழே அடிக்கடி போகிற இடத்தில் திணறும். உங்கள் பகுதிக்கு நன்றாகச் சரிவரும். நுவரெலியாப் பக்கத்துச் சொந்தக்காரருக்குக் கன்று கொடுத்தனுப்புகிறவர்கள் யோசித்துக் கொடுங்கள். அங்கே சிம்பிடியம் என்ற குளிர்நாட்டு வகைதான் தோது.

உரம் விஷயத்தில் ஒரு வார்த்தை. தேயிலைக்குப் போடுகிற உரத்தை அள்ளி வந்து போட வேண்டாம். வேர் கருகிவிடும். (கங்காணி கண்டால் அது வேறு பிரச்சினை.) தண்ணியில் கரைகிற பூச்செடி உரம் கடையில் சின்னப் பைக்கற்றில் இருக்கும். நாலு லீற்றர் தண்ணிக்குக் கால் தேக்கரண்டி, கிழமைக்கு ஒரு தரம், வேரை முதலில் நனைத்துவிட்டு ஊற்றுங்கள். கூட்டிப் போட்டால் கூடப் பூக்கும் என்பது இங்கே செல்லாது.

இப்போது முக்கியமான ஒன்று. பூத்து முடிந்து, இலை உதிர்ந்து, வெறும் தண்டு மட்டும் நிற்கும். காய்ந்த குச்சி என்று பார்த்து, கவ்வாத்து வெட்டுகிற கை சும்மா இருக்காது. வெட்டாதீர்கள்! தேயிலை வெட்ட வெட்டத் தளிர்க்கும், இது அப்படி இல்லை. அந்தத் தண்டுக்குள் தண்ணியும் சத்தும் சேமிப்பில் இருக்கிறது. அதிலிருந்து அடுத்த தண்டு சாப்பிடும், சில வேளை அதே மொட்டைத் தண்டு திரும்பவும் பூக்கும். சுருங்கிப் பழுப்பாகி உள்ளே வெறும் கூடாகிவிட்டால் மட்டும் வெட்டலாம். சில தண்டின் நுனியில் குட்டிச் செடி முளைக்கும். அதன் வேர் இரண்டு அங்குலம் வளர்ந்ததும் கழற்றித் தனியே நடலாம். காசில்லாமல் கிடைக்கிற கன்று அது.

பூச்சி என்று பார்த்தால் நத்தைதான் பெரிய எதிரி. இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்குங்கள். மாப்பூச்சி பிடித்தால் சவர்க்காரத் தண்ணியில் துணியை நனைத்துத் துடைத்தால் போதும். அழுகிய பகுதியை நெருப்பில் காட்டிய கத்தியால் வெட்டி, வெட்டுவாயில் கறுவாத் தூள் தடவுங்கள். தூள் வேரில் பட வேண்டாம், வேரைக் காய்த்துவிடும்.

இனிக் காட்டுச் செடி. நம் நாட்டில் ஏறக்குறைய 190 ஓர்கிட் இனங்கள் இருக்கின்றன. சிங்களச் சகோதரர்கள் வெசாக் மல் என்று சொல்கிற ஓர்கிட் இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் கிடையாது. வெசாக் காலத்தை ஒட்டிப் பூக்கிறதால் அந்தப் பெயர். அழகுக்காகவே பிடுங்கிப் பிடுங்கி இன்றைக்கு அருகிப்போய்விட்டது. ஓர்கிட் விதை தூசி மாதிரி, உள்ளே சாப்பாடு இல்லை. தோதான ஒரு பூஞ்சணம் சேர்ந்தால்தான் காட்டில் முளைக்கும், பூக்கப் பல வருடம் போகும். பிடுங்கியதை லயத்தில் கட்டினால் பெரும்பாலும் சாகும். 1937 ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட செடிகளுக்குப் பட்டியலே இருக்கிறது. "ரோட்டில விற்கலாம், எடுத்து வா" என்று பிள்ளைகளை அனுப்புகிறவர் வழக்கென்று வரும்போது கூட வந்து நிற்கமாட்டார். அந்தப் பூக்களைப் பார்க்க ஆசை இருந்தால் பேராதனைப் பூங்காவில் ஓர்கிட் மனையே இருக்கிறது. பிள்ளைகளின் சுற்றுலாவில் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாகக் காசு விஷயம். எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் இரண்டு பேர் வந்து, "ஆறு மாதத்தில் பூக்கும், பூவை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று விரல் நீளக் கன்றுகளை விற்றுவிட்டுப் போனார்கள். பிறகு ஆளைக் காணவில்லை. நகை அடகு வைத்து வாங்கியவர்களும் இருந்தார்கள். குப்பியிலிருந்து எடுத்த பொடிக் கன்று பூக்க இரண்டு மூன்று வருடமாவது போகும். ஆறு மாதம் என்கிறவர் செடியைப் பற்றி ஒன்றும் அறியாதவர், இல்லாவிட்டால் உங்களை ஏமாற்றுகிறவர். வாங்குவதானால் பூத்து நிற்கிற ஒரு செடியை மட்டும் வாங்குங்கள். பூ ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும். ஒன்றைக் காப்பாற்றத் தெரிந்த பிறகு பத்தைப் பற்றி யோசிப்போம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு சிறங்கை ஊறிய பொச்சும் ஓட்டை போட்ட ஒரு சாடியும் கொண்டு வாங்க. வீட்டில் அழுகிக் கிடக்கிற செடி இருந்தால் எறியாமல் அதையும் தூக்கிக்கொண்டு வாங்க. தண்டு பச்சையாக இருந்தால் மண்ணைக் கழுவி, அழுகின வேரை வெட்டி, இங்கேயே மாற்றி நட்டுக் காட்டுகிறோம்.