பிள்ளையின் படிப்பும் நம் நாட்கூலியும்



ஜூன் மாதம் நெருங்கினால் மில் கேட்டிலும் வயல் வரப்பிலும் ஒரே பேச்சுதான். பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? கிறிஸ்தவப் பள்ளியில் போட்டால் ஒழுக்கம் வரும், இங்கிலீஷ் வரும், நம்மைப்போல் பஞ்சுத் தூசியிலும் சேற்றிலும் கிடக்கமாட்டான் என்கிறோம். இந்த ஆசை நியாயமானது. இதை நாம் பழிக்கவில்லை.

ஒடுக்கப்பட்ட ஜாதிப் பிள்ளைகளைத் திண்ணைப் பள்ளிகள் தீண்டாத 19ஆம் நூற்றாண்டில், திருநெல்வேலிச் சீமையிலும் நாஞ்சில் நாட்டிலும் மிஷன் பள்ளிகள் அவர்களுக்குக் கதவைத் திறந்தன. பெண் பிள்ளைகளுக்கும் திறந்தன. இது சரித்திரம்.

ஆனால் தோழர்களே, வாசலில் சிலுவை ஒன்றானாலும் பள்ளிகள் இரண்டு வகை. ஒன்று சர்க்கார் உதவி பெறும் பள்ளி. அங்கே ஆசிரியர் சம்பளம் கஜானாவிலிருந்து வருகிறது. அதாவது நாம் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் கொடுக்கும் வரியிலிருந்து வருகிறது. தமிழ் வழியில் படித்தால் புத்தகம் இலவசம், மதிய உணவும் உண்டு. மற்றொன்று சுயநிதிப் பள்ளி. அங்கே எல்லாம் நம் மடியிலிருந்துதான். ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு பிரிவும் இருப்பதுண்டு. ஆகவே கையெழுத்துப் போடுமுன், “இது உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா?” என்று கேளுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு ரூ.336. நூறு நாளும் முழுக்கூலி கிடைத்தாலும் ரூ.33,600தான். பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு ரூ.30,000 என்று வைத்துக்கொண்டால், ஒரு பிள்ளைக்கே 90 நாள் உழைப்பு போய்விடும். பஸ், ஷூ, டியூஷன் எல்லாம் வேறு. மீதிக்கு வட்டிக்காரன் வாசல்! மகனுடைய பீஸுக்காக மகளின் படிப்பை நிறுத்தி ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலுக்கு அனுப்பினால், அந்தக் குடும்பம் முன்னேறியதாகுமா?

கண்ணுக்குத் தெரியாத செலவும் உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் என்று 2020இல் சட்டம் வந்தது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ரூ.1,000 தரும் திட்டம் 2022இல் வந்தது. 2024இல் உதவி பெறும் தமிழ்வழிப் பள்ளி மாணவியருக்கும் விரிந்தது. ஆறாம் வகுப்பில் சுயநிதிப் பள்ளிக்கு மாற்றுகிறவர்கள் இவற்றையும் தட்டில் வைத்து எடைபோட வேண்டும்.

“ஏழைகளுக்கு 25 சதவீத இடம் உண்டே!” என்பார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் அதைத் தந்தது உண்மை. ஆனால் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று 2014இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அந்த இடத்தை நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

சேர்த்தே தீருவது என்று முடிவு செய்தவர்களும் ஏமாற வேண்டியதில்லை. 2009 தமிழ்நாட்டுச் சட்டப்படி தனியார் பள்ளிக் கட்டணத்தைக் கமிட்டி நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் வாங்கக்கூடாது. ரசீதில்லாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். அதிகம் கேட்டால் சங்கத்துக்கு வாருங்கள். சேர்ந்து போய்க் கேட்போம்.

அரசுப் பள்ளியில் குறையே இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆசிரியர் போதாத பள்ளி உண்டு. கக்கூஸில் தண்ணீரில்லாத பள்ளியும் உண்டு. பணமுள்ளவன் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்விடுகிறான். நாமும் கடன்பட்டுப் பின்னால் ஓடினால் அங்கே தட்டிக் கேட்பவர் யார்? பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்கவேண்டும் என்பது சட்டம். அந்த நாற்காலிகளில் பாட்டாளிப் பெற்றோர் போய் உட்காருங்கள். கூலி உயர்வுக்குக் கொடி பிடிக்கும் கை, ஊர்ப் பள்ளிக்கு வாத்தியார் கேட்டும் உயரட்டும்!